ஆர்.எஃப். (ரேடியோ அலைவெண்) பொறியியல் தமக்கு ஏற்றதா என்பதைப் படிக்கும்போதே அறிந்துகொள்வது எப்படி

சென்னையிலும் பெங்களூரிலும் "ஆர்.எஃப். இன்ஜினியர் தேவை" என்று வரும் விளம்பரங்களில் பல, மாணவர்கள் மனத்தில் வைத்திருக்கும் வேலையைக் குறிப்பவை அல்ல. மின்காந்தவியல் பாடத்தில் ஆர்வம் பிடித்து, ஆன்டெனா வடிவமைக்கலாம், ராடாரில் பணியாற்றலாம் என்ற எண்ணத்தோடு விண்ணப்பிக்கும் பட்டதாரியிடம், ஒரு மடிக்கணினியையும் சில கைப்பேசிகளையும் வாடகைக் காரையும் கொடுத்து, கைப்பேசிக் கோபுரங்களின் சிக்னலைத் தெருத் தெருவாக அளந்து வரச் சொல்வார்கள். டிரைவ் டெஸ்ட் என்று துறையில் வழங்கும் அந்த வேலையில்தான் நானும் தொடங்கினேன். பிறகு மின்காந்த இடையூறுகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் சில ஆண்டுகள் இருந்தேன். இப்போது பெங்களூரில் சர்க்யூட் போர்டு அளவிலான ஆர்.எஃப். வடிவமைப்பில் இருக்கிறேன். மூன்றுக்கும் பெயர் ஒன்றே என்றாலும் அன்றாடம் செய்ய வேண்டியவை வேறு வேறு. அவற்றில் நிலைத்து நிற்கும் மனிதர்களின் இயல்பும் வேறு. ஆகவே "ஆர்.எஃப். துறைக்கு வரலாமா" என்று கேட்கும் மாணவர்களிடம், அத்துறையில் எந்த வேலை என்பதைக் கல்லூரியில் இருக்கும்போதே கருவியைத் தொட்டு, அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள் என்று சொல்லி வருகிறேன்.

டிரைவ் டெஸ்டைத் தாழ்வாகப் பேசுவது வடிவமைப்புப் பிரிவினரிடையே வழக்கம். அது நியாயமில்லை என்பது என் கருத்து. ரேடியோ அலை வெளியுலகில் எப்படிப் பரவுகிறது என்பதை அந்த வேலையைப் போல வேறு எதுவும் கற்றுத் தருவதில்லை. உலோகப் பூச்சுள்ள கண்ணாடி முகப்பைக் கொண்ட அலுவலகக் கட்டடத்துக்குள் நுழைந்தவுடன் −80 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் திறன்) அளவில் இருந்த சிக்னல் −110க்குச் சரிவதையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீர்ப்பரப்பின் மேல் தடையின்றி வந்த தொலைதூரக் கோபுரத்தின் அலை அருகிலிருக்கும் கோபுரத்தோடு மோதித் தரத்தைக் கெடுப்பதையும், ஆன்டெனாவை ஓரிரு பாகை கீழ்நோக்கிச் சாய்த்தவுடன் அந்தச் சிக்கல் தீர்வதையும் நேரில் கண்டவருக்கு, புத்தகத்தில் உள்ள பரவல் சூத்திரங்கள் வேறு வகையில் புரியத் தொடங்கும். ஆனால் இரவு வேலை, ஓயாத பயணம், துணை ஒப்பந்த நிறுவனத்தின் கீழ்த் தற்காலிகப் பணி ஆகியவையும் உடன் வரும். மேலும், கைப்பேசிகளே அளவீடுகளைச் சேகரித்து வலையமைப்புக்கு அனுப்பும் வசதி கைப்பேசி வலையமைப்புகளுக்கான 3ஜி.பி.பி. தரநிலையின் 10ஆம் வெளியீட்டிலிருந்தே இருப்பதால், காரில் சுற்றி அளப்பதை மட்டுமே அறிந்தவர்களின் தேவை குறைந்துகொண்டு வருகிறது. சேகரித்த பதிவுகளைப் படித்துக் காரணம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களின் தேவை குறையவில்லை. எனவே இவ்வகை வேலைக்குச் செல்பவர்கள், பதிவுக் கோப்புகளைப் பகுப்பாய்வு செய்யும் பிரிவுக்கு எப்போது மாற்றுவார்கள் என்பதை நேர்முகத் தேர்விலேயே கேட்டுவிட வேண்டும். விளம்பரத்தில் "சொந்த வாகனம் விரும்பத்தக்கது", "களப்பணி", "டெம்ஸ்", "நீமோ" ஆகிய சொற்கள் இருந்தால் அது டிரைவ் டெஸ்ட், "ஏ.டி.எஸ்.", "எச்.எஃப்.எஸ்.எஸ்.", "ஸ்கிமாட்டிக்", "லேஅவுட்" என்றிருந்தால் அது வடிவமைப்பு. நிறுவனத்தின் பெயரைவிட இச்சொற்களே வேலையின் தன்மையைத் தெளிவாகக் காட்டும்.

சோதனைக்கூட வேலையைப் பற்றி மாணவர்களிடையே பேச்சே இல்லை என்பது எனக்கு வியப்பளிக்கும் ஒன்று. சந்தைக்கு வரும் மின்னணுச் சாதனம் தேவையற்ற ரேடியோ அலைகளை எவ்வளவு வெளியிடுகிறது என்பதை அளந்து சான்றளிக்கும் துறை இது. சுவரெங்கும் கரி கலந்த நுரைக் கூம்புகள் பதித்த அறையில், 80 சென்டிமீட்டர் உயரமுள்ள மேசை மீது சாதனத்தை வைத்து, அதைச் சுழற்றியபடி, 3 மீட்டர் தொலைவில் நிற்கும் ஆன்டெனாவை 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை உயர்த்தி இறக்கி, 30 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேல்நோக்கி அளந்து செல்வார்கள். வரம்பு மீறும் உச்சிகள் பெரும்பாலும் சாதனத்துக்குள் இருக்கும் ஏதோ ஒரு கடிகாரத் துடிப்பின் மடங்குகளாகவே இருக்கும். 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்தால் 125, 175, 225 என்று உச்சிகள் வரிசையாக எழும். அவற்றைக் காற்றில் பரப்புவது பல நேரங்களில் போர்டு அன்று, அதோடு இணைத்த கேபிள்தான். 1 மீட்டர் நீளக் கேபிள் 75 மெகாஹெர்ட்ஸ் அருகே கால் அலை நீள ஆன்டெனாவாகி விடுகிறது. யூ.எஸ்.பி. கேபிளின் மேல் ஒரு ஃபெரைட் வளையத்தைக் கவ்வ வைத்ததும் உச்சி தாழ்வதைப் பார்க்கும்போது, வடிவமைப்பாளர்கள் பல வாரமாகத் தேடிய விடை அங்கே கிடைத்துவிடும். துப்பறியும் மனம் உள்ளவர்களுக்கு இது நல்ல வேலை. வேலை நேரமும் ஓரளவு ஒழுங்கானது. பிற்காலத்தில் வடிவமைப்புக்கு வந்தபோது எனக்கு மிகவும் கைகொடுத்ததும் இந்த அனுபவமே.

வடிவமைப்பு வேலையில் புதிதாக வரைவதற்குச் செல்லும் நேரம் சிறிது. வரைந்தது ஏன் கணித்தபடி நடக்கவில்லை என்று தேடும் நேரமே பெரிது. 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃப்.ஆர்.-4 (கண்ணாடியிழை) பலகையில் 50 ஓம் தடத்தின் அகலம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் என்பது மாணவர்கள் எல்லோரும் கணக்கிடும் ஒன்று. ஆனால் அந்தத் தடம் ஒரு சில்லின் அரை மில்லிமீட்டர்க் காலோடு சேருமிடத்தில் என்ன நடக்கிறது, தரைத்தளத்துக்கு இறங்கும் துளை ஒன்று குறைந்தால் ஆம்ப்ளிஃபையர் ஏன் தானாகவே அலைவுகளை உண்டாக்கத் தொடங்குகிறது என்பவை மேசையில் வைத்து அளக்கும்போதுதான் தெரிய வரும். பொறுமையும் ஐயப்படும் குணமும் இல்லாதவர்கள் இங்கே விரைவில் சலிப்படைவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, படிக்கும்போதே என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் மின்னணுவியல் படித்தவர்கள் மைக்ரோவேவ் ஆய்வகத்தின் கிளைஸ்ட்ரான் (மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் குழாய்) பெஞ்சை மறந்திருக்க மாட்டார்கள். பழைய ரெக்கார்டு நோட்டிலிருந்து அளவுகளை எடுத்து எழுதும் மரபும் நம்மிடையே உண்டு. அந்தப் பெஞ்சை அலட்சியப்படுத்த வேண்டாம். நீளவாக்கில் பிளவிட்ட வேவ்கைடில் (அலையை வழிநடத்தும் உலோகக் குழாய்) ஆய்வுமுனையை நகர்த்தி, சிக்னல் மிகக் குறையும் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவை நீங்களே அளந்தால், 9.4 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 22 மில்லிமீட்டர் இருக்கும். திறந்த வெளியில் அரை அலைநீளம் 16 மில்லிமீட்டர்தானே, இங்கே ஏன் கூடுதல் என்ற கேள்வி எழும். வேவ்கைடின் 22.86 மில்லிமீட்டர் அகலத்தையும் அதனால் வரும் 6.56 கிகாஹெர்ட்ஸ் வெட்டு அலைவெண்ணையும் (இதற்குக் கீழ் அலை உள்ளே செல்லாது) வைத்துக் கணக்கிட்டு விடை பொருந்துவதைக் காணும் மாணவருக்கு, மேக்ஸ்வெல் சமன்பாடுகள் தேர்வுக்கான மனப்பாடமாக இராது. இந்த ஒரு சோதனையை ஆய்வக உதவியாளரிடம் கேட்டு, வகுப்பு நேரத்துக்கு வெளியே, அவசரமின்றிச் செய்து பாருங்கள்.

அடுத்தது, டிஜிட்டல் தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்ட ரியல்டெக் சில்லு கொண்ட யூ.எஸ்.பி. டாங்கிள். அதை மென்பொருள் ரேடியோவாகப் பயன்படுத்தலாம் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரிய வந்தது, ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏறத்தாழ 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.7 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். விமான நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் அறிவிக்கும் இருப்பிடத் தகவலைப் பிடிக்கலாம். அதற்கான கால் அலை ஆன்டெனா ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் கம்பிதான். வானிலைச் செயற்கைக்கோள் படம் பிடிக்க விரும்புவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: பழைய வழிகாட்டிகள் குறிப்பிடும் நோவா 15, 18, 19 ஆகிய மூன்றின் சேவையும் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசைச் செயற்கைக்கோள்கள் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் டிஜிட்டல் முறையில் படம் அனுப்புகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 53 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அலுமினியக் கம்பிகளை 120 பாகைக் கோணத்தில் விரித்து மொட்டை மாடியில் கிடையாக வைத்தாலே போதும்.

இந்த டாங்கிளின் குறைகளே அதன் பெரிய பயன் என்று நான் கருதுகிறேன். எட்டு பிட் அளவிலேயே அது சிக்னலை எண்ணாக்குவதால், வலுவான சிக்னலும் மெலிந்த சிக்னலும் ஒருங்கே வரும்போது திணறும். பண்பலை நிலையங்கள் நிறைந்த சென்னையில் கெயினை உச்சத்தில் வைத்துப் பாருங்கள். நிலையமே இல்லாத அலைவெண்களிலும் பாட்டு கேட்கும். அது உண்மைச் சிக்னலா, கருவிக்குள் உருவான கலப்பா என்பதை அறிய ஒரு வழி உண்டு. ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் இடையே சிக்னலை 10 டி.பி. (டெசிபல்) மெலிவாக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றைச் செருகினால் உண்மையான சிக்னல் 10 டி.பி. குறையும், கருவிக்குள் சிக்னல்கள் மூன்றாம் படியில் கலந்து எழுந்தது 30 டி.பி. அளவுக்கு வீழும். பின்னாளில் விலையுயர்ந்த ஸ்பெக்ட்ரம் அனலைசர்களிலும் நான் இதே சோதனையைத்தான் செய்கிறேன்.

மூன்றாவது கருவி நேனோ வி.என்.ஏ. செலுத்திய சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அளக்கும், சட்டைப் பையில் அடங்கும் இந்த நெட்வொர்க் அனலைசர் வருவதற்கு முன், இத்தகைய அளவீட்டுக்குப் பல லட்ச ரூபாய்க் கருவியின் முன் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. திறந்த முனை, குறுக்கிணைந்த முனை, 50 ஓம் சுமை ஆகிய மூன்றையும் கேபிளின் கடைசி முனையில் பொருத்தி அளவுதிருத்தம் செய்வதே முதல் பாடம். கருவியின் வாயிலில் திருத்தம் செய்துவிட்டுப் பிறகு கேபிளைச் சேர்த்தால், கேபிளையும் சேர்த்தே அளந்துகொண்டிருப்பீர்கள். அளவுதிருத்தத்துக்குப் பின் ஒரு மீட்டர் கேபிள் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தி, அதன் மறுமுனையைத் திறந்து வைத்து, மின்மறுப்பை வட்டங்களில் காட்டும் ஸ்மித் சார்ட்டைப் பாருங்கள். அலைவெண் உயர உயரக் கோடு வலஞ்சுழியாக வட்டமடித்து, கேபிளின் இழப்பால் மெல்ல மையத்தை நோக்கிச் சுருளும். 1939இல் ஃபிலிப் ஸ்மித் வெளியிட்ட அந்த வரைபடத்தைத் தேர்வுக்காகப் பென்சிலும் காம்பஸும் கொண்டு வரைந்தபோது விளங்காதது, இந்தச் சிறு திரையில் ஒரு மாலை நேரத்தில் விளங்கிவிடும். பிறகு ஏதேனும் ஓர் ஆன்டெனாவை இணைத்து எஸ்11 −10 டி.பி. என்று வந்தால், செலுத்திய திறனில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வருகிறது என்று பொருள். கையை அருகே கொண்டு செல்லுங்கள், கோடு நகரும். கைப்பேசி ஆன்டெனா வடிவமைப்பவர்களின் வாழ்நாள் போராட்டம் அதுதான்.

கருவியைக் காக்கும் பழக்கமும் தொடக்கத்திலேயே வர வேண்டும். எஸ்.எம்.ஏ. கனெக்டரைப் பொருத்தும்போது நட்டை மட்டுமே திருக வேண்டும். உடலைத் திருகினால் நடுமுள் தேய்ந்து கனெக்டர் கெடும். ஐந்து வாட் வாக்கி டாக்கி 37 டி.பி.எம். திறனை வெளியிடுகிறது, பல ஸ்பெக்ட்ரம் அனலைசர்கள் தாங்கும் உச்சம் 30 டி.பி.எம். மட்டுமே. இடையில் 30 டி.பி. அட்டெனுவேட்டர், அதுவும் அத்திறனைத் தாங்கும் வகை, இருந்தால் கருவிக்கு 7 டி.பி.எம். மட்டும் செல்லும். இணைப்பதற்கு முன் இந்தக் கழித்தலை மனத்துக்குள் செய்பவரை எந்த ஆய்வகமும் நம்பி உள்ளே விடும்.

கேட்பதோடு நில்லாமல் ஒலிபரப்பவும் விரும்பினால் அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு இதை வழங்குகிறது. 12 வயது நிறைந்தவர்களே தேர்வெழுதலாம் என்பதால் பள்ளி மாணவர்களுக்கும் இது திறந்த வழி. தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. தேர்வுக்கான பாடம் எளிது. அதைவிட, உரிமம் பெற்ற மூத்த ஹாம்களின் (அமெச்சூர் ரேடியோக்காரர்களின்) பழக்கம் கிடைப்பதே பெரிய பேறு. ஓய்வு பெற்ற பொறியாளர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். ஆன்டெனாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் உங்களுக்காக ஒதுக்கிவிடுவார்கள். உரிமமின்றி ஜாமர், கைப்பேசி சிக்னல் பூஸ்டர் போன்றவற்றைச் செய்து பார்ப்பது சட்டப்படி குற்றம். புராஜெக்ட் என்ற பெயரில் இவற்றைச் சிலர் விற்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடத்தைப் பொறுத்தவரை, டெசிபல் கணக்கு நாவில் இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் நான் கேட்கும் முதல் கேள்வி, 0 டி.பி.எம். கொண்ட தொடர்பற்ற இரண்டு சிக்னல்களைச் சேர்த்தால் மொத்தத் திறன் எவ்வளவு என்பதே. ஒரு மில்லிவாட்டும் ஒரு மில்லிவாட்டும் இரண்டு மில்லிவாட், ஆகவே 3 டி.பி.எம். என்று சொல்பவர் குறைவு. பூஜ்யம் என்று சொல்பவர் அதிகம். அடுத்து ஒரு ரிசீவரின் கணக்கைப் போடச் சொல்வேன். அறை வெப்பநிலையில் வெப்ப இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டி.பி.எம்.; 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 73 டி.பி. சேர்த்தால் −101, ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சலைக் குறிக்கும் நாய்ஸ் ஃபிகர் 7 டி.பி. என்றால் −94, சிக்னல் இரைச்சலைவிட 10 டி.பி. மேலே இருக்க வேண்டுமென்றால் −84 டி.பி.எம். இந்த நான்கு வரிகளைத் தானே எழுதத் தெரிந்தவருக்கு, குறை-இரைச்சல் ஆம்ப்ளிஃபையரை ஆன்டெனாவின் அடியிலேயே ஏன் பொருத்துகிறார்கள் என்பதும் விளங்கும்: அதற்கு முன்னால் வரும் கேபிளின் 3 டி.பி. இழப்பு அப்படியே நாய்ஸ் ஃபிகரில் சேர்ந்துவிடும். மின்காந்தவியலுக்கும் மைக்ரோவேவ் பொறியியலுக்கும் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்கள் இலவசமாக உள்ளன.

இறுதியாண்டு புராஜெக்டில் 2.45 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் ஆன்டெனாவை (பலகை மேல் தட்டையாக அமையும் செப்புத் தகடு) மென்பொருளில் மட்டும் வரைந்து, எஸ்11 படத்தை ஒட்டி முடிப்பவர்களே மிகுதி. அதே ஆன்டெனாவை எஃப்.ஆர்.-4 பலகையில் செய்து, 3 கிகாஹெர்ட்ஸ் வரையேனும் அளக்கும் வகை நேனோ வி.என்.ஏ.வில் இணைத்தால், ஒத்ததிர்வு பெரும்பாலும் நினைத்த இடத்தில் இராது. மின்காப்பு மாறிலியை 4.4 என்று கொண்டிருக்க, பலகையில் அது 4.6 ஆக இருந்தால், ஒத்ததிர்வு சுமார் 50 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கும். அந்த இடைவெளியை மறைக்காமல் அறிக்கையில் எழுதி, காரணத்தை ஆராய்ந்து, பேட்சின் நீளத்தைச் சற்றுக் குறைத்து மீண்டும் அளந்த மாணவரை, பல வடிவங்களைக் கணினியில் மட்டும் வரைந்தவரைவிட நான் உடனே தேர்ந்தெடுப்பேன்.

நேரில் சென்று பார்க்க வேண்டிய இடங்கள் நம் பக்கத்திலேயே உள்ளன. உதகை அருகே முத்தோரையில் 1970இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவான ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அவ்விடத்தின் அகலாங்கான ஏறத்தாழ 11 பாகைக்கு ஒத்த சரிவுள்ள மலைச்சாரலைத் தேடிப் பிடித்துக் கட்டியதால், அதன் அச்சு புவியின் சுழற்சி அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் சுழன்றபடி வான்பொருளைப் பல மணி நேரம் பின்தொடர முடிகிறது. 326.5 மெகாஹெர்ட்ஸில் மிகமிக மெலிந்த சிக்னலைப் பிடிக்க என்னென்ன செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதே ஒரு பாடம். திருப்பதி அருகே கடங்கியில் 1024 யாகி ஆன்டெனாக்கள் நிறைந்த 53 மெகாஹெர்ட்ஸ் வளிமண்டல ராடார் இருக்கிறது. புனேக்கு அருகே கோடாட்டில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி, தேசிய அறிவியல் நாளையொட்டிப் பொதுமக்களுக்குத் திறந்து விடப்படுகிறது.

அரசுத் துறையை விரும்புவோர், அகமதாபாத்திலும் பெங்களூரிலும் உள்ள இஸ்ரோ மையங்களையும், ராடாருக்கெனப் பெங்களூரில் இயங்கும் எல்.ஆர்.டி.இ.யையும், மின்னணுப் போர் ஆய்வுக்கான ஐதராபாத்தின் டி.எல்.ஆர்.எல்.லையும், பாரத் எலக்ட்ரானிக்ஸையும் கவனிக்கலாம். டி.ஆர்.டி.ஓ.வின் நேரடி விஞ்ஞானித் தேர்வுகளில் கேட் மதிப்பெண்ணுக்கு இடமுண்டு. ஆகவே மூன்றாம் ஆண்டிலிருந்தே அதற்குத் தயாராவது நல்லது. சென்னை தரமணியில் உள்ள, மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சமீரின் மையம் மின்காந்த இடையூறுச் சோதனையில் பெயர் பெற்றது. இத்தகைய நிறுவனங்களில் மாணவப் பயிற்சி கேட்டு எழுதுவோர், துறைத்தலைவரின் கடிதத்தை விடுமுறை தொடங்குவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ஆர்வத்தைப் பற்றிய வாக்கியங்களைக் குறைத்து, நீங்களே அளந்த ஒரு வரைபடத்தை, அளந்த முறையையும் அளவுதிருத்தம் செய்த இடத்தையும் குறிப்பிட்டு, ஒரு பக்கத்துக்குள் இணைத்து அனுப்புங்கள்.